மச்சம் தேடும் மத்து டாக்டர்

எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் அவர் முதலில் கேட்பது, "உனக்கு எங்கெல்லாம் மச்சம் இருக்கு?" என்பதுதான். பேர் என்ன, எந்த வகுப்பு, என்ன சாப்பிட்டாய் என்பதெல்லாம் அதற்குப் பிறகு. குழந்தை திருதிருவென்று விழிக்கும். "தெரியாதா? சரி, தேடிப் பார்த்துடலாம்" என்று இரண்டு கைகளையும் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிடுவார். காது மடலுக்குப் பின்னால், கழுத்து, அக்குள், முதுகு, முட்டிக்குப் பின்பக்கம், உள்ளங்கால். உடுப்பை ஒவ்வொரு பக்கமாக விலக்கி, பார்த்து, மறுபடி மூடுவார். ஒரு மச்சம் கிடைத்துவிட்டால் புதையல் எடுத்த மாதிரி, "இதோ ஒண்ணு!" என்று சத்தம் வேறு. ஆபரேஷனுக்குப் பயந்து அழுதுகொண்டு வந்த குழந்தைகள் சட்டையைத் தாங்களே தூக்கி இன்னொரு மச்சத்தைக் காட்டுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

திருப்பதியில் நான் வேலை பார்த்த மருத்துவமனையில் அவர் மயக்க மருந்து டாக்டர். தெலுங்கில் மயக்கத்துக்கு மத்து என்று பெயர். அதனால் ஜனங்களுக்கு அவர் மத்து டாக்டரம்மா. நான் ஆபரேஷன் தியேட்டர் சிஸ்டர். சித்தூருக்குப் பக்கத்துக் குடிபாலாவில் பிறந்து, வீட்டில் தமிழ் பேசி, தெலுங்கில் படித்து, இங்கிலீஷில் மருந்துப் பேர்களை மனப்பாடம் செய்தவள். அவரைவிட எனக்கு வயதும் கூட, வாயும் கூட. அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் போன் செய்து, "என்னத்துக்கு சிஸ்டர் இதெல்லாம்?" என்று கேட்பார். பதில் சொல்லி மாளாது.

கோயில் கைங்கரியம் செய்கிற வைஷ்ணவக் குடும்பம் அவருடையது. நெற்றியில் மெல்லிய சிவப்புக் கோடு, இறுக்கிக் கட்டிய கொண்டை, அதன் மேல் தியேட்டர் தொப்பி. தயிர்சாதத்தை யாரோ துரத்துகிற வேகத்தில் சாப்பிடுவார். சிரித்தால் சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். பார்த்தால் பயந்த சுபாவம் என்றுதான் தோன்றும். மச்சம் தேடும்போது மட்டும் யாருக்கும் அடங்கமாட்டார்.

எங்கள் சர்ஜன் தெலுங்குக்காரர். நல்ல மனிதர், நல்ல கை, ஆனால் பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. கையைக் கழுவிக்கொண்டு நிற்கும்போதே, "மேடம், ஜோசியம் முடிஞ்சுதா? தொந்தரகா, தொந்தரகா" என்று அவசரப்படுத்துவார். மத்து டாக்டர் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். சில தாய்மார்கள் உண்மையிலேயே ஜோசியம் என்று நம்பி, "டாக்டரம்மா, முதுகுல மச்சம் இருந்தா நல்லதா?" என்று கேட்பார்கள். "எனக்கு மச்சம் மட்டும்தாம்மா தெரியும், பலன் தெரியாது" என்பார். ஒரு தாய்க்குக் கோபம் வந்து, பெண் குழந்தையை இப்படியா புரட்டிப் புரட்டிப் பார்ப்பது என்று தெலுங்கில் கத்தித் தீர்த்துவிட்டாள். அவர் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். கேட்டுவிட்டு, பார்க்காமல் விட்ட இடது காலையும் பார்த்துவிட்டுத்தான் எழுந்தார்.

சத்தியமாகச் சொல்கிறேன், ஆரம்பத்தில் எனக்கும் இது கிறுக்காகத்தான் பட்டது. தியேட்டரோடு நின்றாலும் பரவாயில்லை. உடன் வேலை பார்த்த பெண்ணின் கல்யாணத்துக்கு ஒன்றாகப் போயிருந்தோம். பந்தியில் சாம்பார் ஊற்ற வந்த சமையல்காரரின் முன்கையைப் பார்த்துவிட்டு, "இது எப்போ பட்டது? எண்ணெயா, வெந்நீரா?" என்று ஆரம்பித்துவிட்டார். பின்னால் வரிசையே நிற்கிறது. சமையல்காரர் வாளியோடு விழிக்கிறார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. எங்கள் கேன்டீனில் தோசை போடுகிறவர், இவர் வருவது தெரிந்தாலே சுட்ட கையைப் பின்னால் மறைத்துக்கொள்வார்.

அவர் தேடியது மச்சத்தையே அல்ல என்பது எனக்குப் புரிய ஒரு பையன் வரவேண்டியிருந்தது.

சித்தூரிலிருந்து வந்தவன். தீபாவளிக்குப் புஸ்வாணம் வெடித்து மார்பும் ஒரு கையும் வெந்துபோயிருந்தன. தோல் ஒட்டவும் கட்டு மாற்றவும் அடிக்கடி தியேட்டருக்கு வருவான். ஒரு நாள் மத்து டாக்டர் பக்கத்துத் தியேட்டரில் இருந்ததால், புதிதாகச் சேர்ந்த இளம் டாக்டர் அவனைத் தூங்கவைத்தார். தூங்கினபிறகு, மூச்சுக்குழாயில் டியூப் போடுவதற்காகத் தசைகளைத் தளர்த்துகிற மருந்தைக் கொடுத்தார். எடைக்குத் தகுந்த அளவுதான். பையனின் தொண்டை தளரவேயில்லை. காத்திருந்தார், காத்திருந்தார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "சிஸ்டர், மருந்து கெட்டுப்போச்சு. உங்க ஃபிரிட்ஜ் சரியில்ல" என்றார்.

என் ஃபிரிட்ஜை யாரும் ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. "என் ஃபிரிட்ஜுல ஐஸ்கிரீம் வெச்சா பொங்கலுக்கும் உருகாது சார்" என்றேன். அதற்குள் மத்து டாக்டர் வந்துவிட்டார். அதே பாட்டிலிலிருந்து அதே மருந்தை எடுத்து, இன்னொரு மடங்கு கொடுத்தார். பொறுமையாக நின்றார். தொண்டை தளர்ந்தது. டியூப் போனது. ஆபரேஷன் பாதியிலேயே மருந்தின் வேகம் தீர்ந்து பையன் கையை அசைக்கப் பார்த்தான். அதற்கும் சிரிஞ்சைத் தயாராக வைத்திருந்தார்.

வேலை முடிந்ததும் நான் விடவில்லை. ஃபிரிட்ஜின் மானப்பிரச்சினை. "மருந்து நல்லாத்தானே இருக்குது? அப்புறம் ஏன் மேடம் ஏறல?" என்று கேட்டேன்.

"மருந்து மேல தப்பே இல்ல சிஸ்டர். தசையை நரம்பு கூப்பிடறதுக்கு ஒரு வாசல் உண்டு. நரம்பு வந்து தொடற இடத்துல மட்டும்தான் அந்த வாசல் இருக்கும். தீப்பட்ட உடம்பு என்ன பண்ணும்னா, தசை பூரா வாசல் வாசலா வெச்சுண்டுடும். இவனுக்குக் கொடுத்தது வாசலைப் பூட்டற மருந்து. ஒரு வாசலுக்கு வாங்கின பூட்டு ஊர்ப்பட்ட வாசலுக்கும் போதுமா? அதான் கூடக் கொடுக்கணும். அப்படியும் மெதுவாத்தான் பிடிக்கும், சீக்கிரம் விட்டுடும்."

"இவ்ளோதானா? கூடக் கொடுத்தா தீந்துது."

"அது இந்த மருந்துக்கு. ஸ்கோலின் இருக்கே, அது பூட்டற மருந்து இல்ல. எல்லா வாசலையும் ஒரே சமயத்துல திறந்துவிட்டுத்தான் தசையைத் தளர வைக்கும். நல்ல குழந்தைக்கு ஒண்ணும் ஆகாது. தீக்காயம் பட்ட குழந்தைக்குத் திறந்தா, தசையில இருக்கற பொட்டாசியம் மளமளன்னு ரத்தத்துல கொட்டிடும். இதயம் நின்னுடும்."

"காயம் ஆறிட்டா?"

"தோல் ஆறிடும். உள்ள தசைக்கு அது தெரியாதே. மாசக்கணக்கா அப்படியே கிடக்கும். சில பேருக்கு ஒரு வருஷம்கூட, அதுக்கு மேலயும் ஆகலாம்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த அம்மாள் தேடுவது தழும்பை. தழும்பு தேடுகிறேன் என்று சொன்னால் குழந்தை கூசும், பெற்றவர்கள் மறைப்பார்கள். மச்சம் தேடுகிறேன் என்றால் யாரும் மறைப்பதில்லை.

"ஏன் மேடம், வாயால கேட்டாப் போதாதா?" என்று இன்னொரு நாள் கேன்டீனில் கேட்டேன். தயிர்சாதத்தை அளைந்துகொண்டே இருந்தார். பிறகு சொன்னார். வேறு ஊரில் அவர் படித்துக்கொண்டிருந்த காலம். கை உடைந்து ஒரு சிறுமி வந்தாள். முன்பு ஏதாவது ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று தாயைக் கேட்டார்கள். இல்லை என்றாள். குழந்தை முழுக்கைச் சட்டையும் நீளப் பாவாடையும் போட்டிருந்தது. பெரிய டாக்டர் ஒருவர் ஸ்கோலின் கொடுத்தார். கொஞ்ச நேரத்தில் இதயம் நின்றுவிட்டது.

"நான்தான் மார்பை அழுத்திண்டிருந்தேன். கழுத்துக்குக் கீழ ஒரு மச்சம். அதைப் பார்த்துண்டே அழுத்தினேன். அவ திரும்பி வரலை" என்றார். "அப்புறம் சட்டையை விலக்கிப் பார்த்தா, வயித்துல தோல் ஒட்டின தழும்பு. அந்தத் தாய் பொய் சொல்லலை சிஸ்டர். தோல் ஒட்டறதை அவ ஆபரேஷன்னே நினைக்கலை. புண்ணுக்கு வைத்தியம்னு நினைச்சிண்டிருந்தா."

எழுந்து கை கழுவப் போய்விட்டார். தட்டில் சாதம் அப்படியே இருந்தது. அன்றிலிருந்து நான் அவரைக் கிண்டல் செய்வதைக் குறைத்துக்கொண்டேன். விட்டுவிட்டேன் என்று சொல்லமாட்டேன், குறைத்துக்கொண்டேன்.

இனி சொல்லப்போவதுதான் அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு முன்னால் வந்து நிற்பது.

ஒரு மத்தியானம் ஒரு பெண் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வெதுருகுப்பம் பக்கம், கரும்புக் கொல்லையில் கூலி வேலை செய்கிற குடும்பம். பேச்சு எங்கள் ஊர்ப் பேச்சு. தாய் கைக்குழந்தையோடு வீட்டில் இருக்க, தகப்பனும் அவனுடைய அக்காவும் குழந்தையை மலைக்கு அழைத்துப் போய் மொட்டையடித்துவிட்டு இறங்கியிருக்கிறார்கள். மலையடிவாரத்து அலிபிரிக்கு வந்து சேர்வதற்குள் குழந்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்துச் சுருண்டுவிட்டது. குடல்வால் வெடித்துவிட்டது என்று சர்ஜன் பார்த்த உடனே சொல்லிவிட்டார். தலையில் சந்தனம் அப்பி, பளபளவென்று, திருப்பதியில் நாள் முழுக்கப் பார்க்கிற மொட்டைகளில் ஒன்று.

தியேட்டர் வாசலில் டிராலியைச் சுற்றி எல்லோரும் நின்றோம். ஆஸ்பத்திரி உடுப்பை நாங்கள் மாற்ற வந்தபோது அத்தைக்காரி விடவில்லை. "பொம்பளப் புள்ள, நான் மாத்தறேன்" என்று திரையை இழுத்துக்கொண்டு அவளே மாற்றிவிட்டாள்.

"இதுக்கு முன்னாடி ஏதாவது ஆஸ்பத்திரில சேர்த்திருக்கேளா? ஏதாவது உடம்புக்கு வந்ததா? சூடு, கீடு பட்டதா?" என்று மத்து டாக்டர் கேட்டார்.

தகப்பன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். அக்கா, "ஒண்ணும் இல்லமா. நல்லா ஆடிக்கினு இருந்த புள்ள. மலையில பொங்கல் துன்னுச்சு, லட்டு துன்னுச்சு, இறங்கும்போதுதான் இப்பிடி" என்றாள்.

வயிறு நிறையச் சாப்பிட்ட குழந்தை. தூங்கவைத்தவுடன் வயிற்றில் இருப்பது மேலே வந்து நுரையீரலுக்குள் போய்விட்டால் ஆபத்து. அதனால் கண்ணை மூடித் திறப்பதற்குள் டியூப் போட்டாக வேண்டும். இந்த மாதிரி நேரத்தில் எங்கள் தியேட்டரில் கை போவது ஸ்கோலினுக்குத்தான், அதைப்போல் வேகமாக வேலை செய்கிற மருந்து வேறு இல்லை என்பதால். "ஸ்கோலின் எடுத்து வையுங்கோ சிஸ்டர்" என்று அவரே சொன்னார். நானே எடுத்து, பேர் ஒட்டி, தட்டில் வைத்தேன்.

சர்ஜன் பல்லைக் கடித்துக்கொண்டு, "மேடம், இன்னைக்கு மச்சம் வேணாம். உள்ள சீழ் பரவிக்கினு இருக்குது" என்றார். நியாயம்தான். அந்த ஒரு நாள் விட்டிருந்தால் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்கமாட்டார்கள்.

மத்து டாக்டர் குழந்தையின் பக்கம் குனிந்தார். கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டார். "உனக்கு எங்கெல்லாம் மச்சம்?" என்றார். குழந்தை முனகியது. கால்களை மடக்கி வயிற்றோடு ஒட்டிவைத்துக்கொண்டிருந்தது. தொட்டாலே வலி. புரட்ட முடியாது. கழுத்து, கை, காது பார்த்தார். ஒன்றுமில்லை. பிறகு, "தலையில இருக்கோ என்னமோ" என்று சொல்லிக்கொண்டே ஈரத் துணியை எடுத்துச் சந்தனத்தைத் துடைக்க ஆரம்பித்தார்.

"யம்மா! அது சாமி சந்தனம்!" என்று அத்தைக்காரி கையைப் பிடித்துவிட்டாள்.

"நானும் பெருமாள் வீட்டுப் பொண்ணுதான். ஒண்ணும் ஆகாது" என்று இன்னொரு கையால் துடைத்தார்.

தலையின் ஒரு பக்கத்தில் தோலின் நிறம் வேறாக இருந்தது. காயம் என்று சொல்லமுடியாது. லேசாக வெளுத்து, வழுவழுவென்று, ஓரம் மட்டும் நேர்கோடாக. நான் பார்த்திருந்தால் மொட்டையடித்த கத்தியின் வேலை என்று விட்டிருப்பேன். அவர் விரலால் அந்தக் கோட்டைத் தடவிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"இங்கேர்ந்து தோல் எடுத்திருக்கா. எங்க ஒட்டினா?" என்று தகப்பனைப் பார்த்துக் கேட்டார்.

அவன் தரையைப் பார்த்தான். அத்தைக்காரி குழந்தையின் உடுப்பை இழுத்து விட்டாள். மத்து டாக்டர் குழந்தையின் காதருகே போய், "கண்ணு, எங்கடா சுட்டுது?" என்றார்.

"சொல்லக்கூடாதுன்னு அத்த சொல்லிச்சி" என்றது குழந்தை. பிறகு வலி தாங்காமலோ என்னவோ, "வெல்லம்" என்று அழுதது. "பின்னால."

நான் ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, அவர் உடுப்புக்கு அடியில் கையை நுழைத்துத் தடவினார். இடுப்பின் பின்புறமும் இரண்டு தொடைகளும் முழுக்கத் தடித்துத் தடித்து, வரிவரியாக. வெல்லம் காய்ச்சுகிற கொட்டகையில் விளையாடிக்கொண்டிருந்த குழந்தை, பாகு ஊற்றிய தட்டில் பின்பக்கமாகச் சறுக்கி உட்கார்ந்துவிட்டதாம். போன கரும்பு வெட்டின்போது. வேறு ஊர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் இருந்து தோல் ஒட்டி, பிழைத்து, அதற்காக நேர்ந்துகொண்ட மொட்டைதான் இது.

மத்து டாக்டர் தட்டிலிருந்த ஸ்கோலின் சிரிஞ்சை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார். நான் பேர் ஒட்டி வைத்த சிரிஞ்சு அது. "ரோக் எடுங்கோ. பாட்டிலோட கொண்டாங்கோ. நிறைய வேணும்" என்றார். அதுதான் வாசலைப் பூட்டுகிற மருந்து. சர்ஜனே டிராலியை உள்ளே தள்ளினார்.

உள்ளே போனதும் குழந்தையைத் தூங்கவைத்து மருந்தை ஏற்றினார். வயிற்றில் இருப்பது மேலே வராமல் நான் தொண்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். கூடுதலாகக் கொடுத்தும் அது பிடிக்க நேரமாயிற்று. ஸ்கோலினாக இருந்தால் எப்போதோ டியூப் போயிருக்கும். அந்தக் காத்திருப்பில் என் விரல் மரத்துப்போனது. அவர் குழந்தையின் கட்டை விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். மணிக்கட்டில் ஒட்டிய நரம்பு மெஷின் தட்டும்போதெல்லாம் துள்ளிய அந்த விரல் மெல்ல மெல்ல அடங்கியது. டியூப் போட்டார். நான் விரலை எடுத்தேன். ஆபரேஷன் நடுவில் இரண்டு முறை வயிறு இறுகியது. சர்ஜன் கேட்பதற்கு முன்னாலேயே அவர் மருந்தை ஏற்றிவிட்டார். வெளியே எடுத்து வந்தபோது குழந்தை, "நைனா" என்று தகப்பனைக் கூப்பிட்டது.

அதோடு முடிந்தது என்று நான் வீட்டுக்குக் கிளம்பியிருப்பேன். அத்தைக்காரி வராந்தாவில் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டிருந்தாள்.

எங்கள் பக்கம் சில வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு கஷ்டம் தீர்ந்து மலையில் நேர்த்திக்கடன் செலுத்திவிட்டால், அந்தக் கஷ்டத்தை ஒரு வருஷத்துக்கு வாயால் சொல்லக்கூடாது. சொன்னால் விட்டுவிட்டு வந்தது பின்னாலேயே வந்துவிடும் என்று பயம். என் சித்தி வீட்டில்கூட இருந்தது. நான் இதை மத்து டாக்டரிடம் சொன்னதும் அவர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "எந்த ஒரு வருஷம் இதைச் சொல்லியே ஆகணுமோ, அதே ஒரு வருஷம் சொல்லக்கூடாதா சிஸ்டர்?" என்றார்.

போய் அவளுக்குப் பக்கத்தில், தியேட்டர் உடுப்போடு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"யம்மா, நீ நல்லது செஞ்ச. நான் இல்லன்னு சொல்லல" என்றாள் அத்தைக்காரி. "ஆனா புள்ள வாயாலயே சொல்ல வெச்சிட்டியே. நாளைக்கு அதுக்கு ஒண்ணு ஆச்சின்னா, யாரு பதில் சொல்றது?"

"எங்கப்பா மலை மடைப்பள்ளியில பெருமாளுக்குத் தளிகை பண்றவர். அவர் கை முழுக்கச் சூட்டுத் தழும்பு. அதோடதான் தினம் சன்னிதியில நிக்கறார்."

"அவுங்க சாமி பக்கத்துல இருக்கறவுங்க. நாங்க மலைக்குக் கீழ இருக்கறவுங்க."

மத்து டாக்டர் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார். பிறகு, "இனிமே எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், ஊசி போடறதுக்கு முன்னாடி நீங்க இதைச் சொல்லணும். அதனால வர்ற குத்தம் என்னோடது. நான் எடுத்துக்கறேன்" என்றார்.

"சும்மா வாயால சொன்னா ஆவுமா?"

மத்து டாக்டர் அவளுடைய கையை எடுத்துத் தன் தலைமேல் வைத்தார். "கேளுங்கோ" என்றார்.

அத்தைக்காரி பயந்துபோய்த் தம்பியைப் பார்த்தாள். பிறகு கையை எடுக்காமலே கேட்டாள். "நாங்க வாய தொறந்து சொன்னா வர்ற குத்தம், உன்னுதா?"

"என்னுது."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் அவருக்கு ஒரு பிள்ளை இருக்கிறான். எனக்கு இந்தச் சாபம், குத்தத்திலெல்லாம் நம்பிக்கை கிடையாது என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். அன்றைக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அவர் எழுந்து வந்ததும், "என்ன மேடம் இது? விளையாட்டா?" என்று சண்டைக்குப் போனேன்.

"அவங்க அடுத்த தடவை சொல்லணும் சிஸ்டர். அதுக்கு வேற வழி இருந்தா சொல்லுங்கோ" என்றார்.

குழந்தை வீட்டுக்குப் போன அன்று, எதற்கும் இருக்கட்டும் என்று என் போன் நம்பரைத் தகப்பனிடம் கொடுத்தேன். அதற்குக் கொஞ்ச காலம் கழித்து மத்து டாக்டர் வீட்டுக்காரருக்கு வேறு மாநிலத்தில் வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார். அவருக்குப் பிறகு வந்தவர் நல்ல டாக்டர்தான். ஆனால் தியேட்டர் வாசலில் குழந்தைகள் சிரிக்கிற சத்தம் குறைந்துவிட்டது. எனக்கு அது பெரிய குறையாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

மாங்காய்க் காலத்தில் ஒரு நாள் போன் வந்தது.

"சிஸ்டரு, வெல்லத்துல சுட்டுக்கின புள்ளையோட அத்த பேசறேன்."

அவள் வாயால் அதைச் சொல்லி நான் கேட்பது அதுதான் முதல் தடவை. என்ன ஆயிற்று என்று பதறினேன்.

"ஒண்ணும் ஆவல. மாமரம் ஏறி உழுந்து கைய ஒடச்சிக்கினா. சித்தூரு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கினு வந்தோம். மத்து ஊசி போடற டாக்டரு வந்தாரு. அவரு கேக்கறதுக்கு முன்னாலயே நான் சொல்லிட்டேன். தெலுங்குல ஒருவாட்டி, தமிழுல ஒருவாட்டி. பாவாடைய தூக்கிக் காட்டிட்டேன். அவரு, நல்ல வேளமா, நீ சொன்னது நல்லதாச்சின்னு வேற ஊசிய எடுத்தாரு. இப்ப எழுந்து குந்திக்கினு இட்லி துன்றா."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. "ரொம்ப நல்ல வேலை செஞ்சீங்கக்கா" என்றேன்.

"அதுக்கில்ல சிஸ்டரு நான் போன் பண்ணது." குரலைத் தாழ்த்தினாள். "அந்த டாக்டரம்மா நல்லா இருக்குறாங்களா? நாங்க சொன்னதெல்லாம் அவுங்க தல மேலதான போயிருக்கும்? அன்னிக்கிருந்து அவுங்களுக்காகச் சனிக்கெழம சனிக்கெழம ஒரு பொழுது இருக்கறேன். பச்சத்தண்ணி மட்டுந்தான், பொழுது சாஞ்சதும் ஒரு வாய். ஆனாலும் இன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டேனே. மனசு அடிச்சிக்கினே கீது."

நல்லாயிருக்காங்க என்று உடனே சொல்லிவிட்டேன். போனை வைத்துவிட்டு மத்து டாக்டரைக் கூப்பிட்டேன். நடந்ததைச் சொன்னேன். அவர் அவராகவே இருந்தார். முதல் கேள்வி, "ஸ்கோலின் போடலையே?" அடுத்தது, "என்ன மருந்து? எவ்வளவு நேரத்துல பிடிச்சது?" எனக்கெப்படித் தெரியும் என்று எரிந்துவிழுந்தேன். பிறகு அத்தைக்காரியின் ஒரு பொழுதைச் சொன்னேன்.

"அவங்க இப்பவும் கொல்லை வேலைக்குப் போறாங்களா?" என்று கேட்டார்.

"போறாங்க மேடம்."

"சனிக்கிழமையுமா? அந்த வெயில்ல, வெறும் வயித்தோடயா?" மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "சாப்பிடச் சொல்லுங்கோ சிஸ்டர். நான் சௌக்கியமா இருக்கேன், எங்காத்துல எல்லாரும் சௌக்கியமா இருக்கோம்னு சொல்லுங்கோ. தயவுபண்ணிச் சாப்பிடச் சொல்லுங்கோ."

நான் மறுபடி அத்தைக்காரிக்குப் போட்டேன். டாக்டரம்மா சொன்னதை அப்படியே, ஒரு சொல் விடாமல் சொன்னேன். அவள் முழுசும் கேட்டாள். பிறகு விவரம் தெரியாத குழந்தையிடம் பேசப்போகிற மாதிரி ஒரு பெருமூச்சு விட்டாள்.

"அவுங்க நல்லா இருக்கறதே நான் ஒரு பொழுது இருக்கறதாலதான் சிஸ்டரு. இப்பப் போயி விடுவேனா?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.